ஊருக்குள் பழைய வீடா, ஊர் ஓரத்தில் புது வீடா, தோட்டத்துக்கு நடுவிலா?

சிறிய ஊரில் வீடு வாங்கக் கிளம்பியவர்களிடம் பேசிப் பாருங்கள். பேச்சு இரண்டே இடத்தில் சுற்றும்: நகரத்தைவிட எவ்வளவு மலிவு, எவ்வளவு அமைதி. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த ஒரே ஊரில் மூன்று விதமான வீடுகள் விலைக்கு நிற்கும். கடைத்தெருவுக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய வீடு. ஊர் முடிகிற இடத்தில், வயலை மனையாக்கிக் கட்டிய புது வீடு. ஊரைத் தாண்டி நாலு கிலோமீட்டர் போனால் நிலத்தோடு சேர்ந்த தோட்ட வீடு. நகரமா சிற்றூரா என்பது ஒருமுறை எடுக்கும் முடிவு. இந்த மூன்றில் எது என்பதோ குடியேறிய பிறகும் தினமும் கூடவே வரும்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்த்துவிட்டு, ஊருக்குள் பழைய வீட்டை வாங்குவதுதான் என் கட்சி. தோட்ட வீட்டின் மேல் எனக்கு ஆசை உண்டு. ஊர் ஓரத்துப் புது வீட்டின் மேல் சந்தேகம்தான் அதிகம். காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

எந்த தூரம் மாறும், எது மாறாது

ஜெர்மானியப் புவியியலாளர் வால்டர் கிறிஸ்டாலர் 1933இல், தெற்கு ஜெர்மனியின் ஊர்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்று ஆராய்ந்து ஒரு விளக்கம் தந்தார். அடிக்கடி தேவைப்படும் பொருளும் சேவையும் சின்ன ஊரிலேயே கிடைக்கும். எப்போதாவது தேவைப்படுபவை பெரிய ஊரில்தான் நிலைக்கும். மளிகைக் கடைக்குச் சில நூறு வாடிக்கையாளர்கள் போதும். இதய மருத்துவர் ஒருவர் தொழில் நடத்த அவரைச் சுற்றிப் பல்லாயிரம் பேர் வாழ வேண்டும். ஆகவே சிற்றூரில் சிறப்பு மருத்துவமனை இல்லாதது யாருடைய அலட்சியமும் அல்ல, கணக்கு அப்படி.

மூன்றில் எந்த வீட்டை வாங்கினாலும் அந்தப் பெரிய ஊருக்கான தூரம் மாறாது. மாறுவது மளிகைக்கும் மருந்துக்கும் பள்ளிக்கும் போகும் சின்ன தூரம். தோட்ட வீட்டிலிருந்து ஊர் நாலு கிலோமீட்டர் என்றால் பெரிதாகத் தோன்றாது. ஒரு நாளில் இரண்டு முறை போய் வந்தால் 16 கிலோமீட்டர். வருடத்துக்கு 5,800 கிலோமீட்டருக்கு மேல். உப்பு வாங்க மறந்ததற்கான தண்டனையும் இதில் அடக்கம். ஊர் ஓரத்து வீட்டில் இது பாதியாகவோ கால்வாசியாகவோ குறையும். ஆனாலும் வண்டி எடுத்தே ஆக வேண்டும். ஊருக்குள் இருப்பவர் செருப்பை மாட்டினால் போதும்.

வேலை நகரத்தில் என்றால் கணக்கு வேறு. ஒரு வழிக்கு 40 கிலோமீட்டர், வருடத்தில் 250 வேலை நாள்: 20,000 கிலோமீட்டர். ஒரு வழிக்கு முக்கால் மணி நேரம் என்று வைத்தாலும் வருடத்துக்கு 375 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் 47 நாள் சம்பளமில்லாமல் சாலையில் போகிறது. பொருளியலாளர்கள் புரூனோ ஃப்ரேயும் அலோயிஸ் ஸ்டட்சரும் ஜெர்மனியின் குடும்ப ஆய்வுத் தரவுகளை அலசியபோது, பயண நேரம் கூடக்கூட மக்களின் வாழ்க்கைத் திருப்தி குறைந்திருந்தது. மலிவான வீடோ கூடுதல் சம்பளமோ அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை. வீட்டைப் பார்க்கும் நாளில் நாம் அறைகளை எண்ணுகிறோம், பயணங்களை எண்ணுவதில்லை.

அவசர சிகிச்சை விஷயத்தில் தோட்ட வீடு மற்ற இரண்டையும்விட மோசம் என்று சட்டென்று சொல்லிவிடத் தோன்றும். அவ்வளவு எளிதல்ல. பக்கவாதத்தில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாயை அடைக்கும் ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு நாலரை மணி நேர அவகாசம் உண்டு. நாலு கிலோமீட்டர் அதில் பெரிய பங்கில்லை. இதயம் நின்றுவிட்டால் நிலைமை வேறு. நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. அங்கே ஆம்புலன்ஸ் எந்த வீட்டுக்கும் உரிய நேரத்தில் வராது. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடிவர ஓர் ஆள் இருக்கிறாரா, அவருக்கு நெஞ்சை அழுத்தத் தெரியுமா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு கேள்வியில் ஊருக்குள் இருக்கும் வீடு மற்ற இரண்டையும் முந்துகிறது.

தண்ணீர்

மூன்றுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் மண்ணுக்கு அடியில்தான் இருக்கிறது. ஊருக்குள் குழாய் தண்ணீரும், அதிர்ஷ்டம் இருந்தால் பொதுச் சாக்கடையும் இருக்கும். தோட்டத்தில் சொந்தக் கிணறு அல்லது போர்வெல், சொந்த செப்டிக் டேங்க். ஊர் ஓரத்தில்? விற்பவர் வாயில் ஒரே சொல்தான்: “வந்துவிடும்.” குழாய் வந்துவிடும், சாலை வந்துவிடும், தெருவிளக்கு வந்துவிடும். எழுத்தில் இல்லாத “வந்துவிடும்” எதையும் விலையில் சேர்க்கக் கூடாது.

அது வரும்வரை அங்கேயும் போர்வெல்லும் செப்டிக் டேங்கும்தான். இங்கேதான் ஓரத்து மனை தோட்டத்தைவிடவும் மோசமாகப் போகிறது. கிணற்றுக்கும் கழிவுநீர் மண்ணில் இறங்கும் இடத்துக்கும் நடுவே 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் கடைப்பிடிக்கும் அளவு. தோட்டத்தில் அது சுலபம். ஆனால் 12 மீட்டர் அகலமுள்ள மனைகள் வரிசையாக இருக்கும் இடத்தில், உங்கள் போர்வெல்லை உங்கள் தொட்டியிலிருந்து எப்படித் தள்ளிப் போட்டாலும் பக்கத்து வீட்டுத் தொட்டி பக்கத்திலேயே இருக்கும். அவர் உங்களுக்குப் பிறகுதான் கட்டப் போகிறார். எங்கே தோண்டுவார் என்று அவருக்கே இன்னும் தெரியாது. இன்று எடுத்த தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, சுற்றியுள்ள மனைகள் காலியாக இருக்கும்வரைதான் செல்லும்.

தோட்டத்துத் தண்ணீருக்கும் தனிக் கவலை உண்டு. சுற்றிலும் விவசாயம் என்றால் உரத்திலிருந்து நைட்ரேட் நிலத்தடி நீரில் இறங்கும். உலக சுகாதார அமைப்பு குடிநீருக்குச் சொல்லும் வரம்பு ஒரு லிட்டருக்கு 50 மில்லிகிராம். அதைத் தாண்டினால் பால் மாவு கரைத்துக் கொடுக்கப்படும் கைக்குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் சரியாகிவிடும் என்று நினைப்பவர்கள் கவனிக்க: கொதிக்கும்போது தண்ணீர் ஆவியாகிப் போகும், நைட்ரேட் போகாது, அளவு கூடத்தான் செய்யும். ஃப்ளூரைடும் (வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்) ஆர்செனிக்கும் (10 மைக்ரோகிராம்) பாறையிலிருந்தே வருபவை. தண்ணீர் தெளிவாகவும் சுவையாகவும் இருப்பது இவற்றில் எதைப் பற்றியும் ஒன்றும் சொல்லாது.

எவ்வளவு தண்ணீர் கிடைக்கும் என்பதை மழை முடிந்த மாதத்தில் போய்ப் பார்ப்பதில் பொருளில்லை. வறண்ட காலத்தின் கடைசி வாரத்தில் போய், சில மணி நேரம் பம்ப்பை நிறுத்தாமல் ஓட்டச் சொல்லிப் பார்க்க வேண்டும். விற்பவர் முகம் அப்போது எப்படி மாறுகிறது என்பதும் ஒரு தகவல்தான்.

சுவரும் தரையும்

பழைய வீட்டைப் பற்றிய பயம் நியாயமானது. கரையான் அரித்த உத்திரம், எர்த் இல்லாத பழைய வயரிங், பிந்திய ஆண்டுகளில் போட்ட ஆஸ்பெஸ்டாஸ் கூரை, ஈயம் கலந்த பழைய பெயின்ட் என்று ஒரு பட்டியலே உண்டு. ஆஸ்பெஸ்டாஸை உடைக்காமல் விட்டால் ஆபத்து குறைவு. கடப்பாரை போட்டால் அதன் இழை காற்றில் கலக்கும். இந்தச் செலவையெல்லாம் விலையோடு கூட்டிக்கொண்டுதான் புது வீட்டோடு ஒப்பிட வேண்டும். வயரிங்கை முழுதாக மாற்ற வேண்டியிருக்கும் என்றே எடுத்துக்கொள்வது நல்லது.

பழைய சுவர்களில் அதிகம் நடக்கும் தவறு வேறொன்று. சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி மெல்ல வெளியே விடும். அதன் மேல் கெட்டியாகச் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நின்று ஓதம் ஏறும், பூச்சு பெயரும். “ஓதம் ஏறிய வீடு” என்று ஒதுக்கப்பட்டு விலை இறங்கி நிற்கும் வீடுகளில் சில, பழைய பூச்சை எடுத்துவிட்டுச் சுண்ணாம்பே பூசினால் தேறிவிடும். வாங்குபவருக்கு இது நல்ல செய்தி. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைக்க வேண்டும் என்பது மட்டும் கெட்ட செய்தி.

புது வீட்டில் இந்தத் தலைவலி எதுவும் இல்லை. அங்கே பார்க்க வேண்டியது வீட்டை அல்ல, அதன் கீழே இருக்கும் மண்ணை. இத்தனை தலைமுறையாக ஊர் ஏன் இந்தப் பக்கம் வளரவில்லை? பெரும்பாலும் பதில் தண்ணீர்தான்: பள்ளமான இடம், மழையில் தேங்கும் இடம், அதனால் வயல். அதைக் கொட்டிய மண்ணால் மேடாக்கி, சரியாக இறுக்காமல் கட்டினால் இரண்டு மூன்று மழைக்குப் பிறகு தரை இறங்கிச் சுவரில் சாய்வாக விரிசல் விழும். “நூறு வருஷத்துக்கு ஒருமுறை வரும் வெள்ளம்தானே” என்று யாராவது ஆறுதல் சொன்னால் ஏமாற வேண்டாம். அதன் பொருள் ஒவ்வோர் ஆண்டும் ஒரு சதவீத வாய்ப்பு என்பது. அந்த வீட்டில் 30 ஆண்டு வாழ்ந்தால் ஒருமுறையாவது தண்ணீர் புகும் வாய்ப்பு 26 சதவீதம். ஏறத்தாழ நாலில் ஒன்று.

இணைய இணைப்பு

வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவருக்கு இதுவே முதல் கேள்வி. ஃபைபர் தெரு வரைக்கும் வந்திருந்தால் ஊருக்குள் பிரச்சினை முடிந்தது. தோட்டத்தில் செயற்கைக்கோள்தான் கதி என்றால் எந்த வகை என்று கேளுங்கள். 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்பது என்றால் கேள்வி போய்ப் பதில் திரும்ப அரை நொடி ஆகும். வீடியோ கூட்டத்தில் எல்லோர் பேச்சிலும் குறுக்கே விழுவீர்கள். 550 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுபவற்றில் அந்தத் தாமதம் தெரியாது. அக்கம்பக்கத்தில் எவர் எதைப் பயன்படுத்துகிறார் என்று விசாரிப்பது, நிறுவனத்தின் வரைபடத்தைப் பார்ப்பதைவிட மேல்.

வெளியேறும் வழி

வாங்கும்போது யாரும் விற்பதைப் பற்றி நினைப்பதில்லை. சிறிய ஊரில் அதைத்தான் முதலில் நினைக்க வேண்டும். எட்டு சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடன் எடுத்தால் மொத்தமாகக் கட்டுவது வாங்கிய தொகையைப் போல இரண்டு மடங்கு. முதல் ஐந்தாண்டு ஒரு தவணை தவறாமல் கட்டினாலும் அசலில் தீர்ந்திருப்பது 12.5 சதவீதம்தான், மீதியெல்லாம் வட்டிக்கே போயிருக்கும். ஐந்தாம் ஆண்டில் வேலையோ குழந்தையின் படிப்போ வேறு ஊருக்கு இழுத்தால், முழு விலைக்கும் கடன் எடுத்திருந்து, விலை அதைவிட அதிகமாக இறங்கியிருந்தால் கைப்பணம் போட்டுத்தான் வெளியே வர வேண்டும்.

அதுவும் வாங்க ஆள் இருந்தால். இளையவர்கள் வெளியேறும் ஊர்களில் வீடு மிஞ்சும், ஆள் மிஞ்சாது. ஜப்பானின் 2023ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 90 லட்சம் வீடுகள் காலியாக இருந்தன. மொத்த வீடுகளில் 13.8 சதவீதம். மலிவு விலைக்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி, பள்ளியில் முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பது. பத்தாண்டுகளுக்கு முன் எத்தனை என்றும் கேளுங்கள்.

வாங்குபவர்கள் குறைவாக இருக்கும் சந்தையில் எது முதலில் விற்கும்? என் கணிப்பு: நடந்து போகும் தூரத்தில் இருப்பது. அதை வாங்க வயதானவரும் வருவார், கடை போட நினைப்பவரும் வருவார், வண்டி ஓட்டாதவரும் வருவார். தோட்ட வீட்டுக்குக் காத்திருப்பவர் வெகு சிலர். ஆனால் அவர்கள் ஆசைப்பட்டு வருகிறவர்கள், பேரம் குறைவு. ஓரத்துப் புது வீட்டுக்குத்தான் சிக்கல். பக்கத்திலேயே இன்னொரு வயல் மனையாகும். உங்கள் பத்தாண்டு வீடு அங்கே கட்டும் புத்தம்புது வீட்டோடு போட்டி போட வேண்டும்.

வாடகை ஓராண்டு

வீட்டு விலையை ஓராண்டு வாடகையால் வகுத்துப் பாருங்கள். 15க்குக் கீழே வந்தால் வாங்குவது பக்கம் தராசு சாயும்; 20ஐத் தாண்டினால் வாடகை பக்கம். கைக்கணக்குதான் இது, வேதவாக்கு அல்ல. ஆனால் வாடகையின் பெரிய ஆதாயம் பணத்தில் இல்லை. ஒரு மழைக்காலத்தில் எந்தத் தெருவில் தண்ணீர் நிற்கிறது, கோடையில் எந்தக் கிணறு வற்றுகிறது, எந்த நிலத்தில் அண்ணன் தம்பி வழக்கு நடக்கிறது என்பது பத்திரத்தில் தெரியாது. அங்கேயே குடியிருப்பவருக்குத் தெரிந்துவிடும். எந்த விளம்பரத்திலும் வராத நல்ல வீடும் அப்படித்தான் காதுக்கு வரும்.

குறை இல்லாமலில்லை. சிறிய ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதே அரிது, கிடைப்பது பெரும்பாலும் நமக்குப் பிடித்த தெருவில் இருக்காது. இரண்டு முறை சாமான் கட்ட வேண்டும். ஊர்க்காரர்களும் வாடகைக்காரரை விருந்தாளியாகவே பார்ப்பார்கள். ஊருக்குள் குடியேறினாலோ இதன் மறுபக்கம்: நீங்கள் எத்தனை மணிக்கு விளக்கணைத்தீர்கள் என்பது எதிர்வீட்டுக்குத் தெரியும். அது பொறுக்காதவர்களுக்கு நான் மேலே சொன்ன எந்தக் கணக்கும் உதவாது.

அப்படிப்பட்டவர்களில் நிலத்தில் இறங்கி வேலை செய்பவரும், இன்னும் 20 ஆண்டு தெம்பாக வண்டி ஓட்டக்கூடியவரும் இருந்தால், தோட்ட வீட்டுக்கே போகலாம். இரண்டு பேரில் ஒருவருக்கு மட்டும்தான் வண்டி ஓட்டத் தெரியும் என்றால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் மற்றவர் கற்றுக்கொள்ளட்டும்.