சிடிஆர்ஐ ஆய்வுப் பதிவேடு: தில்லியில் சிகிச்சை பெறும் தமிழர்களுக்கு எவ்வளவு உதவும்?

எய்ம்ஸுக்கு வரும் தமிழ்க் குடும்பங்கள் "புது மருந்து ஆய்வு ஏதாவது நடக்கிறதா?" என்று வாட்ஸப் குழுவில் கேட்பதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் சிடிஆர்ஐ. இந்தியாவில் நோயாளிகளைச் சேர்த்து நடத்தும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இணையப் பதிவேடு இது; இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2007இல் தொடங்கியது. காசு கிடையாது, கணக்கும் வேண்டாம். 2018 ஏப்ரல் முதல், ஆள் சேர்ப்பதற்கு முன்பே பதிந்த ஆய்வுகளை மட்டுமே ஏற்கிறார்கள்.

தேடுவதில்தான் சிக்கல். 'பிரெஸ்ட் கேன்சர்' என்று மட்டும் அடித்தால் பல ஆய்வுகள் விடுபடும். புற்றுநோய்க்கு மருத்துவர்கள் எழுதும் 'கார்சினோமா', 'நியோப்ளாசம்' என்ற சொற்களையும் போடுங்கள். 'ட்யூமர்' என்பதை பிரிட்டிஷ் (tumour), அமெரிக்க (tumor) எழுத்துக்கூட்டல் இரண்டிலும் தேடுங்கள்.

பதிவைத் திறந்ததும் தலைப்பைப் படிக்காதீர்கள். ஆள் சேர்ப்பு நிலையையும் கடைசியாகத் திருத்திய தேதியையும் பாருங்கள். சேர்ப்பு முடிந்த பிறகும் ஆய்வாளர்கள் திருத்தாமல் விடுவதால் 'திறந்திருக்கிறது' என்றே பல பதிவுகள் நிற்கும். தேதி பழையதென்றால் போன் செய்து கேட்காமல் கிளம்ப வேண்டாம். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தொடர்பு எண் அதிலேயே இருக்கிறது.

அடுத்தது விலக்கு நிபந்தனைகள், அதாவது யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பட்டியல். புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் அடிபடுவது இங்கேதான்: 'ஐந்தாண்டுக்குள் வேறு புற்றுநோய் வந்திருக்கக் கூடாது' என்ற வரி அடிக்கடி வரும். பழைய நோயை மறைத்துச் சேர்வது ஆபத்து. உதாரணமாக, டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தின் வாழ்நாள் மொத்த அளவு உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 450 மில்லிகிராமைத் தாண்டும்போது இதயம் பலவீனமாகும் அபாயம் கூடுகிறது. அதனால் எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு), கடைசி எக்கோ (இதய ஸ்கேன்) முடிவு ஆகியவற்றை ஒரே தாளில் எழுதிக் கையோடு கொண்டு போங்கள்.

ஆய்வு முக்கியமாக எதை அளக்கிறது என்று சொல்லும் 'முதன்மை விளைவு' பகுதியை யாரும் படிப்பதில்லை. நோயாளிகளுக்காகப் பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டியதே அதுதான். 'நோய் வளராத காலம்' கூடினால் ஆயுளும் கூடும் என்று பொருளல்ல. வாழ்க்கைத் தரம் பெரும்பாலும் இரண்டாம் நிலை விளைவாகவே கிடக்கும். அதை அளக்கும் கியூஎல்கியூ-சி30 படிவத்தில் 30 கேள்விகள். இந்திப் படிவத்தை யாரோ வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்லி நிரப்பினால் அதில் பதிவாவது பெயர்த்தவரின் புரிதல், நோயாளியின் வலி அல்ல.

பதிவேட்டின் பெரிய குறை: ஆய்வை வடிவமைத்ததில் நோயாளிகளுக்குப் பங்கிருந்ததா என்று சொல்லத் தனிக் கட்டமே இல்லை. விவரம் முழுக்க ஆங்கிலம், அதுவும் மருத்துவர் ஆங்கிலம். வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவர் உடனிருந்தால்தான் பயன்.

சேர முடிவு செய்தால் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கேளுங்கள். புதிய மருந்துகள், மருத்துவ ஆய்வுகளுக்கான 2019 விதிகளின்படி நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கவும், படிவத்தின் நகலைத் தரவும் வேண்டும். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு; அந்தப் பத்தி நகலில் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்ப் படிவத்துக்கு, ஆய்வில் சேர்பவர்களின் பாதுகாப்பைக் கவனிக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும், அதற்கு நாளாகும். அதற்குள் இடங்கள் நிரம்பிவிடலாம் என்பதால் முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.