ஜிம் இல்லாத நாட்களுக்கு: ரப்பர் பேண்டா, முதுகுப்பையா?

ஐந்து மாதம் ஜிம்முக்குப் போக முடியாமல் போனது. சேர்த்த பலத்தை விட மனமில்லை. வெறும் உடல் எடை, ரெசிஸ்டன்ஸ் பேண்ட் (இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டை), எடை ஏற்றிய முதுகுப்பை என்று மூன்றையும் செய்து பார்த்து, கடைசியில் பையைப் பிடித்துக்கொண்டேன்.

உடல் எடைப் பயிற்சிக்கு எதுவும் வாங்க வேண்டாம், எங்கும் செய்யலாம். ஆனால் சாதாரண தண்டாலில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறக்குறைய 64 சதவீதம்தான். பாதங்களை 60 செ.மீ. உயரத்தில் வைத்தால் 74 சதவீதம். அதற்கு மேல் ஒற்றைக் கைத் தண்டால் என்றால் பெரிய தாவல்.

பேண்டில் முதுகுக்கான இழுவைப் பயிற்சி சுலபம், அது பெரிய விஷயம். சிக்கல் என்னவென்றால், இழுக்க இழுக்கத்தான் அது இறுகும். தண்டாலில் கை நீளும்போது நம் பலமும் கூடுவதால் அங்கே பொருந்துகிறது. பளுவை உடலை நோக்கி இழுக்கும் ‘ரோ’ பயிற்சியில் தலைகீழ்: முடிவில் நாம் பலவீனமாக இருக்கும் இடத்தில் பேண்ட் அதிகம் இறுகுகிறது. அரை அடி தள்ளி நின்றாலே பளு மாறிவிடும். போன வாரத்தைவிட முன்னேறினேனா என்று எப்படித் தெரியும்?

என்னைப் பொறுத்தவரை முடிவு செய்தது இந்தக் கேள்விதான். பலம் கூட வேண்டுமென்றால் பளு சிறுகச் சிறுகக் கூட வேண்டும், எவ்வளவு கூடியது என்பதும் தெரிய வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. அரை லிட்டர் பாட்டில் ஒன்றைச் சேர்த்தால் அரை கிலோ கூடும். ஜிம்மில் இருக்கும் பார்பெல் என்ற நீளக் கம்பியில் இருபுறமும் 1.25 கிலோ தட்டு போட்டாலே 2.5 கிலோ ஏறிவிடும். 8 கிலோவில் தொடங்கினேன். மூன்று செட்டிலும் 12 முறை வந்ததும் ஒரு பாட்டில் சேர்ப்பேன், நோட்டில் எழுதுவேன். ஐந்தாம் மாதம் பை 17 கிலோ.

அடுக்குவதில் கவனம் வேண்டும். பாட்டில்களை விளிம்புவரை நிரப்பி, இடைவெளியில் துண்டுகளைத் திணித்தால் பளு ஆடாது. தண்டால் எடுக்கும்போது பை கழுத்துப் பக்கம் சரியும், அதனால் வார்களை இறுக்கிக் கட்டுங்கள். ரோ செய்யும்போது மொத்தப் பளுவும் கைப்பிடித் தையலில் விழுகிறது. அதை அடிக்கடி பாருங்கள்.

கால்களுக்கு மட்டும் பை போதவில்லை. பின்காலை நாற்காலியில் வைத்து ஒற்றைக்கால் பஸ்கி எடுத்தேன், இறங்க மூன்று விநாடி. குறைந்த பளுவானாலும் களைக்கும்வரை செய்தால் தசை வளரும். ஆனால் ஒரே முறையில் பெரிய பளுவைத் தூக்கும் பலத்துக்குப் பெரிய பளுவே வேண்டும். திரும்பி ஜிம்முக்குப் போனபோது பெஞ்ச் பிரஸ் (படுத்துப் பளுவை மேலே தள்ளுவது) கிட்டத்தட்ட பழைய அளவில் இருந்தது, ஸ்குவாட் (பளுவைச் சுமந்து எடுக்கும் பஸ்கி) இறங்கியிருந்தது. 20 கிலோவுக்கு மேல் பையைச் சுமந்து நான் பழகவில்லை, ஆகவே நூறு கிலோ ஸ்குவாட் செய்பவருக்கு இதையே சொல்ல மாட்டேன்.

பேண்டையும் தூக்கிப் போடவில்லை. தோள்பட்டையைச் சூடேற்ற அதைவிட நல்லது என்னிடம் இல்லை. அதே பையின் பக்கவாட்டு அறையில் சுருட்டி வைத்திருக்கிறேன்.