மேட்டூர்ச் சாம்பலா, பொட்டனேரிக் கசடா?

சிமென்ட்டைக் குறைக்க உதவும் இரண்டு கழிவுகள் சேலம் மாவட்டத்திலேயே உண்டாகின்றன. ஒன்று, 1440 மெகாவாட் மேட்டூர் அனல்மின் நிலையத்தின் உலர் சாம்பல். இன்னொன்று, மேச்சேரி பக்கம் பொட்டனேரியில் உள்ள இரும்பு ஆலையின் ஊதுலைக் கசடு, அதாவது தாதை உருக்கி இரும்பு எடுக்கும்போது மிஞ்சுவது. (சேலம் உருக்காலையில் ஊதுலை கிடையாது. அங்கே வரும் கசடு வேறு வகை.)

சாம்பல் தானாக இறுகாது. சிமென்ட்டில் தண்ணீர் பட்டதும் வெளிவரும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் இறுகும், அதனால் பலம் மெதுவாக ஏறும். சாம்பல் கலந்து விற்கும் பிபிசி (PPC) சிமென்ட்டில் இது 15 முதல் 35 சதவீதம் இருக்கலாம். துகள் உருண்டையாக இருப்பதால் கலவை இழுக்க லகுவாக வரும், தண்ணீரும் குறைவாகப் போதும். செங்கல் கட்டுக்கும் பூச்சுக்கும் நான் இதைத்தான் சொல்வேன். ஆனால் சாம்பல் குளத்திலிருந்து அள்ளி லாரியில் வரும் ஈரச் சாம்பலை சிமென்ட்டுக்குப் பதிலாகக் கலக்கவே கூடாது. அது பருமனானது, பள்ளம் நிரப்பத்தான் ஆகும்.

கசடு இன்னும் வீரியமானது. உருகிய நிலையிலேயே தண்ணீர் பீய்ச்சிச் சட்டென்று குளிரவைப்பதால் கண்ணாடி போன்ற குருணையாகிறது. அதை நைசாக அரைத்தால், சிமென்ட் தூண்டிவிட, தானும் இறுகும். அதனால்தான் கசடு கலந்து விற்கும் பிஎஸ்சி (PSC) சிமென்ட்டில் 25 முதல் 70 சதவீதம் வரை அனுமதி. பாதிக்கு மேல் கசடு இருந்தால் கான்கிரீட்டை அரிக்கும் சல்பேட் உப்பை நன்றாகத் தாங்கும். உப்புத் தண்ணீர் ஊறும் மனையில் அஸ்திவாரம், செப்டிக் டேங்க் என்றால் யோசிக்கவே வேண்டாம், கசடுதான்.

ஏற்காடு அடிவாரத்து மேக்னசைட் சூளைத் தூளையும் கலக்கலாமா என்றால், வேண்டாம். மேக்னசைட்டைச் சுட்டால் வருவது மெக்னீசியா. கடும் சூட்டில் வெந்த மெக்னீசியா, கான்கிரீட் இறுகி வெகுநாள் கழித்துத் தண்ணீரோடு சேர்ந்து உப்பும், விரிசல் விடும். சாதாரண சிமென்ட்டிலேயே அது 6 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

சரி, மேல்தளத்துக்கு? சாதாரண வீட்டுக்கு இரண்டுமே போதும், கையில் கிடைப்பதை வாங்கலாம். கான்கிரீட் காயாமல் தண்ணீர் விடுவதில்தான் கண்டிப்பு வேண்டும். வெறும் சிமென்ட்டுக்கு ஏழு நாள் என்றால், கலப்பு சிமென்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள். பதினான்காக நீட்டச் சொல்லி, கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 பரிந்துரைக்கிறது. சேலத்துச் சித்திரை வெயிலில் பதினான்குக்குக் குறையவே கூடாது. தளத்தைத் தாங்கும் முட்டுப் பிரிக்கும் நாளையும் பழைய கணக்கில் விடாமல், பொறியாளரைக் கேட்டுத் தள்ளிவையுங்கள்.