ஆன்சிபிளில் இலக்கு சர்வரை ஓட்டும்போதே தேர்வது: எது கைகொடுக்கும், எது காலை வாரும்

ஆன்சிபிள், பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி. செய்யவேண்டிய வேலைகளை (டாஸ்க்) எழுதிவைக்கும் கோப்பு பிளேபுக், அதன் ஒவ்வொரு பகுதியும் ஒரு பிளே. பிளேயின் ஹோஸ்ட்ஸ் வரியில் ‘வெப்’ என்று ஒரு குழுப் பெயரைப் போட்டுவிட்டால், சர்வர்கள் மாறாமல் இருக்கும்வரை கவலை இல்லை. அதே பிளேபுக்கை இன்று ஸ்டேஜிங்கில், நாளை ப்ராடக்‌ஷனில் மூன்றே மூன்று சர்வரில், அடுத்த வாரம் சற்றுமுன் எழுந்த ஈசி2 இன்ஸ்டன்ஸில் (அமேசான் கிளவுட் சர்வர்) என்று ஓட்ட வேண்டி வரும்போதுதான் சிக்கல். எக்ஸ்ட்ரா வேரியபிள், லிமிட், ஆட்-ஹோஸ்ட், குரூப்-பை, டைனமிக் இன்வென்டரி என்று ஆன்சிபிள் இதற்கு ஐந்து வழி வைத்திருக்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாமே ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பிரித்துப் பார்க்க இரண்டு கேள்விகள் உதவும். ஓட்டுவதற்கு முன்பே சர்வர் பட்டியலைக் கண்ணால் பார்க்க முடிகிறதா? பட்டியல் காலியாகிப்போனால் ரன் தோற்று நிற்குமா, எதுவும் செய்யாமலே ‘வெற்றி’ என்று முடியுமா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

எக்ஸ்ட்ரா வேரியபிளும் லிமிட்டும்

முதல் வழியில் ஹோஸ்ட்ஸ் வரியிலேயே இரட்டை அடைப்புக்குறிக்குள் ஒரு வேரியபிளை வைத்து, ஓட்டும்போது ‘-ஈ’ மூலம் மதிப்பு தருகிறோம். அந்த வரி விரிக்கப்படும் நேரத்தில் இன்னும் எந்த சர்வரும் தேர்வாகியிருக்காது. ஆகவே குழுவுக்கும் சர்வருக்கும் தனித்தனியாக மதிப்பு வைக்கும் குரூப்-வேர்ஸ், ஹோஸ்ட்-வேர்ஸ் கோப்புகளில் அந்த வேரியபிளை வைத்துப் பயனில்லை. எக்ஸ்ட்ரா வேரியபிள், பிளேயின் வேர்ஸ் பகுதி, வேர்ஸ்-ப்ராம்ப்ட் (ஓட்டும்போது கேட்டு வாங்குவது) ஆகியவைதான் அங்கே எடுபடும்.

இதில் அடிக்கடி நடக்கும் தவறு, மதிப்பு தராவிட்டால் ‘ஆல்’ என்று டிஃபால்ட் வைப்பது. யாராவது ‘-ஈ’யை மறந்தால் இன்வென்டரியில் (ஆன்சிபிள் அறிந்த சர்வர் பட்டியல்) உள்ள அத்தனை சர்வரிலும் பாயும். டிஃபால்ட்டே வைக்காமல் விட்டால் வேரியபிள் இல்லை என்று ஆன்சிபிள் உடனே நின்றுவிடும். அதுதான் நமக்கு வேண்டியது.

இன்னொன்று, எக்ஸ்ட்ரா வேரியபிளுக்குத்தான் முன்னுரிமை வரிசையில் முதலிடம். வேறெதுவும் அதை மீற முடியாது. ‘டார்கெட்’ என்று பொதுவான பெயரை வைத்து, உள்ளே இருக்கும் ஏதோ ஒரு ரோலிலும் (டாஸ்க் தொகுப்பு) அதே பெயரில் வேரியபிள் இருந்தால், அங்கும் நீங்கள் கொடுத்த மதிப்பே போய் உட்காரும். ‘ஓட்டவேண்டியகுழு’ போல வேறெங்கும் வராத பெயராக வையுங்கள். இரண்டு சர்வர் பெயரை இடைவெளி விட்டுக் கொடுத்தாலும் சிக்கல்தான்: ‘சாவி=மதிப்பு’ வடிவம் இடைவெளியில் உடைந்துவிடும். கமா போடுங்கள், இல்லையென்றால் ஜேசனாகக் கொடுங்கள்.

ஓட்டும் கட்டளையோடு சர்வர் பெயரைத் தரும் லிமிட் வேறு மாதிரி. பிளேபுக் சொல்லும் பட்டியலைச் சுருக்குமே தவிரப் பெருக்காது. ஹோஸ்ட்ஸ் வரியில் ‘வெப்’ இருக்கும்போது லிமிட்டில் டிபி சர்வரின் பெயரைக் கொடுத்தாலும் டிபியில் எதுவும் நடக்காது. மனிதர் கையால் தட்டும் கட்டளைக்கு இந்த ஒரு குணமே போதும், லிமிட்டைத் தேர்ந்தெடுக்க. குழுக்களை வெட்டியும் கழித்தும் கொடுக்கலாம்: 'வெப்:&ப்ராட்:!வெப்3' என்றால் வெப் குழுவிலும் ப்ராட் குழுவிலும் இருப்பவை, வெப்3 நீங்கலாக. இதை ஒற்றை மேற்கோளுக்குள் போடுங்கள். விட்டால் ஆச்சரியக்குறியை பாஷ் ஹிஸ்டரியாக எடுத்துக்கொள்ளும். வெப்[0:2] என்று எழுதினால் மூன்று சர்வர் வரும். கடைசி எண்ணும் சேர்த்திதான். பைத்தான் பழக்கத்தில் இரண்டு என்று நினைத்துவிடுவார்கள்.

காலிப் பட்டியல் விஷயத்தில் இரண்டும் வெவ்வேறாக நடந்துகொள்கின்றன. லிமிட்டில் கொடுத்த பெயர் இன்வென்டரியிலேயே இல்லையென்றால் ஆன்சிபிள் பிழை காட்டி நிற்கும். இன்வென்டரியில் இருந்து, அந்த பிளேயின் குழுவில் இல்லையென்றால் ‘பொருந்தும் ஹோஸ்ட் இல்லை’ என்று பிளேயைத் தாண்டிவிட்டு வெற்றியைக் குறிக்கும் எக்ஸிட் கோடு 0 தரும். வேரியபிள் வழியில் பெயரைத் தப்பாகக் கொடுத்தாலும் இதே கதை: ஒரு எச்சரிக்கை வரி, பிறகு 0. பிளேபுக்கைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸில் பச்சை விழும், ஒரு சர்வரில்கூட டெப்ளாய் ஆகியிருக்காது. கன்ஃபிக் கோப்பின் இன்வென்டரி பகுதியில் ஹோஸ்ட்-பேட்டர்ன்-மிஸ்மேட்ச் என்பதை ‘எரர்’ ஆக்கினால் தப்பான பெயர் பிடிபடும். இரண்டு குழுக்களும் இருந்து, அவற்றின் வெட்டு மட்டும் காலியாக இருந்தால் அதுவும் பிடிக்காது.

லிமிட்டின் இன்னொரு பக்க விளைவு ஹெச்ஏப்ராக்ஸி (லோட் பேலன்சர்) கன்ஃபிக்கில் தெரியும். டெம்ப்ளேட், வெப் குழுவில் உள்ள ஒவ்வொரு சர்வரின் ஐபியையும் ஃபேக்ட்ஸிலிருந்து (ஆன்சிபிள் சர்வரிடம் திரட்டும் விவரங்கள்) எடுத்து பேக்எண்ட் வரிகளை எழுதுகிறது என்று வையுங்கள். லோட் பேலன்சரை மட்டும் லிமிட்டில் கொடுத்து ஓட்டினால் குழுப் பட்டியல் முழுசாகவே இருக்கும், ஆனால் வெப் சர்வர்களின் ஃபேக்ட்ஸ் சேகரிக்கப்பட்டிருக்காது. டெம்ப்ளேட் உடையும். ஃபேக்ட் கேஷை ஜேசன் கோப்பிலோ ரெடிஸிலோ வைத்துக்கொள்ளலாம். அல்லது ஃபேக்ட்ஸ் திரட்டும் செட்டப் டாஸ்க்கை அந்தக் குழுமீது லூப்பில், டெலிகேட்-டு (டாஸ்க்கை வேறு சர்வரில் ஓட்டுவது), டெலிகேட்-ஃபேக்ட்ஸ் இரண்டையும் சேர்த்து ஓட்டலாம். கேஷ் பழசாக இருந்தால் பழைய ஐபி கன்ஃபிக்குக்குள் போய்விடும் என்பதால் இரண்டாவதே நம்பகமானது.

வேரியபிள், லிமிட் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. ஹோஸ்ட்ஸ் வரியில் வெறும் வேரியபிளை வைக்காமல் ‘வெப்:&’ என்று தொடங்கி அதன்பின் வேரியபிளை வையுங்கள். யாராவது ‘ஆல்’ என்று மட்டும் கொடுத்தால்கூட வெப் குழுவைத் தாண்டிப் போகாது. பைப்லைனிலிருந்து ஓடும் பிளேபுக்குக்கு இதைவிட நல்லது தெரியவில்லை.

ஆட்-ஹோஸ்ட்: பிறந்த கையோடு

சர்வரை உருவாக்கிய அதே ரன்னில் அதை அமைக்கவும் வேண்டுமென்றால் ஆட்-ஹோஸ்ட் பொருத்தமானது. லோக்கல்ஹோஸ்ட்டில் ஓடும் முதல் பிளே இன்ஸ்டன்ஸை எழுப்பி, அதன் ஐபியை ஒரு தற்காலிகக் குழுவில் சேர்க்கும். இரண்டாவது பிளே அந்தக் குழுவில் ஓடும். சேர்த்த சர்வர் நினைவகத்தில் மட்டும் இருக்கும், ரன் முடிந்ததும் போய்விடும். நடந்துகொண்டிருக்கும் பிளேக்குள்ளும் நுழையாது. அடுத்த பிளேயிலிருந்துதான் கணக்கு.

இது காலை வாரும் இடங்கள் கொஞ்சம் அதிகம். ஆட்-ஹோஸ்ட் டாஸ்க் பிளேயில் எத்தனை சர்வர் இருந்தாலும் ஒரே ஒரு முறைதான் ஓடும். பத்து சர்வரில் நிபந்தனை போட்டுப் பொருந்துவதை மட்டும் சேர்ப்போம் என்று எழுதினால் ஒன்றுதான் பரிசீலிக்கப்படும். லூப் போட்டாக வேண்டும். அடுத்தது, லிமிட்டோடு இதற்கு ஒத்துப்போகாது. லிமிட்டில் லோக்கல்ஹோஸ்ட் இல்லையென்றால் முதல் பிளேயே ஓடாது. தற்காலிகக் குழுவின் பெயர் இல்லையென்றால் இரண்டாவது ஓடாது. இரண்டையும் எழுதினால்தான் நடக்கும்.

இன்ஸ்டன்ஸ் ‘ரன்னிங்’ என்று சொல்வதும் எஸ்எஸ்ஹெச் பதில் சொல்வதும் ஒன்றல்ல. இரண்டாவது பிளேயில் ஃபேக்ட்ஸ் சேகரிப்பை அணைத்துவிட்டு, முதல் டாஸ்க்காக வெயிட்-ஃபார்-கனெக்‌ஷன், அதன்பின் செட்டப் என்று வரிசைப்படுத்துங்கள். அதன் டிஃபால்ட் டைம்அவுட் 600 வினாடி. தேவைக்கு மேல் தாராளம், 180 போதும். புது சர்வரின் ஹோஸ்ட் கீ தெரியாததால் எஸ்எஸ்ஹெச் தயங்கும். சோதனையை முழுதாக அணைக்காமல் ஸ்ட்ரிக்ட்-ஹோஸ்ட்-கீ-செக்கிங்கை அக்செப்ட்-நியூ ஆக்கலாம், ஓபன்எஸ்எஸ்ஹெச் 7.6 முதல் அது உண்டு. ஆனால் விபிசிக்குள் (கிளவுடில் நம் தனி நெட்வொர்க்) பழைய சர்வரின் ஐபியே புதியதற்கும் வாய்த்தால் கீ மாறிவிட்டது என்று அதுவும் மறுக்கும். பழைய வரியை நோன்-ஹோஸ்ட்ஸ் கோப்பிலிருந்து நீக்கும் டாஸ்க் ஒன்று முன்னாலேயே தேவை.

குரூப்-பை

இது ஃபேக்ட்ஸை வைத்துக் குழு அமைக்கிறது: உபுண்டு ஒரு குழு, ரெட்ஹேட் ஒரு குழு, அடுத்தடுத்த பிளேக்கள் தனித்தனியாக. டாஸ்க்குக்கு டாஸ்க் ‘வென்’ நிபந்தனை எழுதுவதைவிடச் சுத்தம். குறை என்னவென்றால், ஐந்து சர்வரைக் கண்டுபிடிக்க இருநூறையும் தட்ட வேண்டும், ஒரே நேரத்தில் எத்தனை என்று சொல்லும் ஃபோர்க்ஸ் டிஃபால்ட்டாக வெறும் 5. கேதர்-சப்செட்டை ‘!ஆல்’ ஆக்கினால் குறைந்தபட்ச ஃபேக்ட்ஸ் மட்டும் வரும், டிஸ்ட்ரிபியூஷன் பெயர் அதிலேயே இருக்கிறது. குழுப் பெயரில் ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு என்பதையும், இடைவெளி சிறுகோடாக மாறும் என்பதையும் நினைவில் வையுங்கள். தவறினால் மறுபடி அதே மௌனமான 0.

முன்னோட்டம் பார்க்க உதவும் லிஸ்ட்-ஹோஸ்ட்ஸ் தேர்வு, ஆட்-ஹோஸ்ட்டுக்கும் குரூப்-பைக்கும் எதையும் காட்டாது. அந்தக் குழுக்கள் ஓடும்போதுதான் பிறக்கின்றன. மற்ற மூன்று வழிகளிலும் பட்டியலை முன்பே பார்த்துவிடலாம். ப்ராடக்‌ஷனுக்கு இவ்விரண்டையும் கடைசியாக எடுப்பதற்கு இந்த ஒரு காரணம் போதும்.

டைனமிக் இன்வென்டரி

சர்வர்கள் கிளவுடில் வந்துபோகின்றன என்றால் பட்டியலைக் கிளவுடிடமே கேட்டு வாங்கும் டைனமிக் இன்வென்டரியை வைத்து, தேர்வைப் பிளேபுக்கிலிருந்து எடுத்து சர்வர்களின் டேகுகளிடம் விட்டுவிடுவதே சரி. ஏடபிள்யூஎஸ்-ஈசி2 பிளகினுக்கு போட்டோ3 (ஏடபிள்யூஎஸ்ஸுக்கான பைத்தான் நூலகம்) வேண்டும். கோப்புப் பெயரும் பிளகின் பெயரோடுதான் முடிய வேண்டும், இல்லையென்றால் பிளகின் அந்தக் கோப்பை ஏற்காது. கீட்-குரூப்ஸில் ரோல் டேகைக் கொடுத்தால் டேகுக்கு ஒரு குழு தானாக உருவாகும். டேக் விடுபட்ட சர்வர் சத்தமில்லாமல் குழுவுக்கு வெளியே நின்றுவிடும், ஸ்ட்ரிக்ட் என்ற கண்டிப்பு அமைப்பு டிஃபால்ட்டாக அணைந்திருப்பதால். நிறுத்தி வைத்திருக்கும் இன்ஸ்டன்ஸ்களும் பட்டியலில் வரும், ரன் அவற்றில் ‘அன்ரீச்சபிள்’ என்று முட்டும். ஃபில்டரில் நிலை ‘ரன்னிங்’ என்று நீங்களாகத்தான் எழுத வேண்டும்.

பெரிய பொறி ஹோஸ்ட்நேம்ஸ் அமைப்பில் இருக்கிறது. படிக்க அழகாக இருக்கும் என்று நேம் டேகை வைப்பார்கள். ஆட்டோஸ்கேலிங் குழுவில் எல்லா இன்ஸ்டன்ஸுக்கும் அதே நேம் டேக் என்றால், இன்வென்டரிக்குள் எட்டு சர்வர் ஒன்றாகச் சுருங்கி, கடைசியாக வந்ததன் ஐபி மட்டும் மிஞ்சும். ஏழு சர்வர் பழைய பதிப்பிலேயே ஓடிக்கொண்டிருக்கும். இன்ஸ்டன்ஸ் ஐடியையோ பிரைவேட் ஐபியையோ வையுங்கள். ஆன்சிபிள்-இன்வென்டரியை கிராஃப் தேர்வோடு ஓட்டி, வரும் எண்ணிக்கையை ஏடபிள்யூஎஸ் கன்சோலோடு ஒருமுறை ஒப்பிட்டால் இது உடனே தெரிந்துவிடும்.

ரன்னின் நடுவே புது சர்வர் பிறந்தால் மெட்டா ரிஃப்ரெஷ்-இன்வென்டரி பட்டியலைத் திரும்ப எடுக்கும். அதுவும் அடுத்த பிளேக்குத்தான். பழைய பாணி ஸ்கிரிப்ட் தனக்கென்று கேஷ் வைத்திருந்தால் ஆன்சிபிளுக்கு அது தெரியாது, பழைய பட்டியலே திரும்ப வரும்.

டெலிகேட்-டு இந்த வரிசையில் சேராது. அது ஒரு டாஸ்க்கை வேறிடத்தில் ஓட்டுவதற்கு, உதாரணமாக லோட் பேலன்சரிலிருந்து ஒரு சர்வரைக் கழற்றுவதற்கு. பிளே முழுவதையும் அதை வைத்துத் திசைதிருப்பினால் யாருடைய வேரியபிள் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கவே அரை நாள் ஆகும்.

எந்த வழியை எடுத்தாலும் காலிப் பட்டியலுக்குக் காவல் போட வேண்டும். அதே பிளேக்குள் அசெர்ட் (நிபந்தனையைச் சோதிக்கும் டாஸ்க்) எழுதிப் பயனில்லை, சர்வரே இல்லாத பிளேயில் அசெர்ட்டும் ஓடாது. முன்னால் ஒரு லோக்கல்ஹோஸ்ட் பிளே வைத்து, இன்வென்டரி-ஹோஸ்ட்நேம்ஸ் லுக்அப்பில் அதே பேட்டர்னைக் கொடுத்து, எண்ணிக்கை 0 என்றாலோ எதிர்பார்த்த உச்சவரம்பைத் தாண்டினாலோ நிறுத்துங்கள். அந்த லுக்அப் லிமிட்டைக் கணக்கில் எடுக்காது, லிமிட்டில் லோக்கல்ஹோஸ்ட் விடுபட்டால் காவல் பிளேயே தாண்டப்படும். ஆகவே பைப்லைனில் இந்தக் காவல் இருக்கும் இடத்தில் லிமிட்டைப் பயன்படுத்தாமல், ‘வெப்:&’ வேரியபிள் வழியிலேயே நிற்பது நல்லது.