தர்மபுரி எம்பி தொகுதி மேப், தாராளமா வாங்கலாம்

பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டேஷனரி கடைல வாங்கின சுவர் மேப்புங்க, குரூப் 4க்கு படிக்கிற பசங்களுக்கு ரொம்ப உதவும். பாலக்கோடு, பென்னாகரம், தர்மபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, தனித்தொகுதியான அரூர்னு நம்ம மாவட்டத்து அஞ்சு சட்டமன்றத் தொகுதியும், கூடவே சேலம் மாவட்டத்து மேட்டூரும் தனித்தனி கலர்ல பளிச்சுனு இருக்கு, மேட்டூர் எப்படி நம்ம எம்பிகிட்ட வருதுன்னு கேக்கறவங்களுக்கு இத காட்டினாலே போதும். 2008 மறுசீரமைப்புல மொரப்பூர் தொகுதி போய் பாப்பிரெட்டிப்பட்டி வந்ததையும் ஓரத்துல போட்டிருக்காங்க, எனக்கு அதுதான் ரொம்ப பிடிச்சது. 1977ல வாழப்பாடி ராமமூர்த்தில ஆரம்பிச்சு 2014 அன்புமணி, 2024ல ஜெயிச்ச ஆ.மணி வரைக்கும் எம்பி லிஸ்டும் இருக்கு. 1965ல சேலத்துல இருந்து மாவட்டம் பிரிஞ்சது, 2004ல கிருஷ்ணகிரி தனியா போனது ரெண்டும் இல்ல, அடுத்த பிரிண்ட்ல கண்டிப்பா சேருங்க. லேமினேஷன் நல்ல கெட்டி.