தனிப் படைப்பா, குழுத் திட்டமா, கருவியா? டிஜிட்டல் கலை முதுகலையின் கடைசி ஆண்டு

டிஜிட்டல் கலையில் முதுகலை படிப்பவர்களுக்கு முதல் ஆண்டு எப்படியோ ஓடிவிடும். வகுப்பு, பயிற்சி, வாரம் ஒரு சின்ன வேலை என்று நாள் போவதே தெரியாது. திண்டாட்டமெல்லாம் கடைசி ஆண்டில்தான். எதைச் செய்து முடித்துப் பட்டம் வாங்குவது? பொதுவாக மூன்று வழிகள் உண்டு: தனியாக ஒரு படைப்பு, குழுவாக ஒரு திட்டம், அல்லது மற்றவர்களுக்கும் உதவும் ஒரு கருவியோ முறையோ. எல்லாப் படிப்பிலும் மூன்றும் கிடைக்காது. சேருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மனசு அதிகம் இழுப்பது தனிப் படைப்பின் பக்கம்தான். கணக்கு தப்புவதும் அங்கேதான். ஐந்து நிமிட முப்பரிமாண அனிமேஷன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனிப்படம் வீதம் மொத்தம் 7,200 ஃப்ரேம். ஒரு ஃப்ரேமைக் கணினி கணக்கிட்டு முழுப் படமாக்க, அதாவது ரெண்டர் செய்ய, 10 நிமிடம் என்று வைத்தால் 1,200 மணி நேரம். ஒரே கணினி என்றால் இரவும் பகலும் 50 நாள் ஓட வேண்டும். நாற்பதாவது நாளில் உட்கார்ந்து பார்க்கும்போது ஏதோ ஒரு ஷாட்டில் சுவரின் மேல் நிழல் துடிப்பது தெரிந்தால், அந்த ஷாட் முழுக்கத் திரும்பவும் ரெண்டருக்குப் போகும். அதே கதையை 90 விநாடிக்குள் சொல்ல முடிந்தால் 2,160 ஃப்ரேம், 15 நாள். மிச்சமாகும் 35 நாளில் ஒலியைச் சரிசெய்யலாம், எடிட்டிங்கை இன்னொரு முறை பார்க்கலாம், கொஞ்சம் தூங்கவும் செய்யலாம். என்னைக் கேட்டால் நீளத்தைக் குறைப்பதில் எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இன்ஸ்டலேஷன், அதாவது அரங்கிலேயே அமைத்துப் பார்வையாளர் சுற்றிப் பார்க்கும் படைப்பு, செய்பவர்களுக்குச் சிக்கல் வேறு மாதிரி. கினெக்ட் போன்ற ஆழ சென்சார்கள் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் தூரத்தை அளக்கின்றன. லேபில் இரவெல்லாம் சொன்னபடி கேட்ட சென்சார், கண்காட்சி அரங்கின் ஜன்னல் வழியாக மதிய வெயில் விழுந்ததும் எதிரே நிற்கும் ஆளையே பார்க்காது. வெயிலிலும் அதே அகச்சிவப்பு நிறைய இருக்கிறது, அதில் சென்சாரின் ஒளி கரைந்துபோகிறது. அரங்கைப் பகலில் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வடிவமைப்பைத் தொடங்கினால் இந்தத் தலைவலி வராது.

இவ்வளவு பாடு எதற்கு என்றால், படைப்பு முழுக்க உங்களுடையதாக இருக்கும். பல்கலைக்கழகத்தில் கற்பிக்க நினைப்பவருக்கு இது பெரிய பலம். கலைஞர்களும் கலை ஆசிரியர்களும் சேர்ந்த அமெரிக்க அமைப்பான காலேஜ் ஆர்ட் அசோசியேஷன், காண்கலையில் எம்.எஃப்.ஏ.வையே (நுண்கலை முதுகலைப் பட்டம்) இறுதிப் பட்டமாக, அதாவது துறையின் உச்சப் பட்டமாகக் கருதுகிறது. அந்தப் பட்டத்தின் உயிர் இறுதிக் கண்காட்சியிலும் அதோடு தரும் எழுத்திலும்தான் இருக்கிறது.

குழுத் திட்டத்துக்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்திலுள்ள என்டர்டெயின்மென்ட் டெக்னாலஜி சென்டர். அங்கே பேராசிரியர்களாக இருந்த ராண்டி பாஷும் டான் மாரினெல்லியும் சேர்ந்து தொடங்கியது. இரண்டு ஆண்டுப் படிப்பு. கலைஞரும் புரோகிராமரும் ஒரே குழுவில் உட்கார்ந்து பருவத்துக்கு ஒரு திட்டம் என்று முடிக்கிறார்கள். ஸ்டுடியோ வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல பழக்கம் கிடைக்காது. ஆனால் நேர்காணலில் "இதில் நீங்கள் செய்தது எது?" என்ற கேள்வி வந்தே தீரும். எந்த மாடல், எந்த லைட்டிங், எந்த நிரல் உங்களுடையது என்று அன்றன்றே குறித்து வைக்காதவர் அந்த இடத்தில் திணறுவார். அப்புறம், குழுவில் ஒருவர் கைவிட்டால் அவர் பங்கும் உங்கள் தலையில்தான் விழும்.

மூன்றாவது வழியான கருவிக்குக் கிடைக்கிற கைதட்டல் குறைவு, ஆயுசு அதிகம். எர்னான்டோ பராகான் 2003-ல் இத்தாலியின் இவ்ரேயா இன்டராக்ஷன் டிசைன் இன்ஸ்டிட்யூட்டில் முதுகலை ஆய்வாகத் தொடங்கியது 'வயரிங்' என்ற மின்னணுப் பலகையும் அதற்கான மென்பொருளும். மின்னணுவியல் தெரியாத கலைஞர்களும் சென்சாரையும் மோட்டாரையும் எளிதாக இயக்க வேண்டும் என்பதே நோக்கம். அதன் மேல் எழுந்ததுதான் 2005-ல் அதே இடத்தில் பிறந்த அர்டுயீனோ என்ற சின்ன மின்னணுப் பலகை. இன்று இன்ஸ்டலேஷன் செய்யும் மாணவர் பலரின் மேசையில் அந்தப் பலகை கிடக்கிறது. ஒரு மாணவரின் இறுதி ஆண்டு வேலை இத்தனை கைகளுக்குப் போய்ச் சேர்ந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஜெனோவா சென் தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் எம்.எஃப்.ஏ. ஆய்வுக்காக 2006-ல் வெளியிட்ட 'ஃப்ளோ' விளையாட்டைத் தனிப் படைப்புக்கும் இந்த வழிக்கும் நடுவில் வைக்கலாம். ஆடுபவர் தன் ஆட்டத்தாலேயே கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் முடியுமா என்பதுதான் அவர் கேள்வி. விளையாட்டு, பிரவுசரில் ஓடும் ஃப்ளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. ஆனால் அந்தக் கேள்வியும் அதைப் பற்றி அவர் எழுதியதும் இன்றைக்கும் படிக்கக் கிடைக்கின்றன.

சரி, யாருக்கு எது? ஸ்டுடியோ வேலை என்றால் குழு. கற்பிக்கவோ கலைஞராக நிற்கவோ ஆசை என்றால் தனிப் படைப்பு, ஆனால் பாதி நீளத்தில். நிரலும் எழுத்தும் இரண்டுமே பிடிக்கும் என்றால் யோசிக்காமல் மூன்றாவது. என் மனசும் அந்தப் பக்கம்தான் சாய்கிறது. எதை எடுத்தாலும், கண்காட்சி திறந்த முதல் நாளே ஆட்கள் அதைத் தொட்டும் சுற்றியும் பார்ப்பதை நல்ல ஒலியோடு வீடியோ எடுத்துவிடுங்கள். கடைசி நாளில் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டால், அதற்குள் புரொஜெக்டரைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.