கெஸ்ட் கர்னல் விழுந்தால் எங்கிருந்து பார்ப்பது?

விர்ச்சுவல் மெஷினுக்குள் (விஎம், இதுதான் கெஸ்ட்) கர்னல் பேனிக் ஆனதும், அதாவது இயங்குதளத்தின் மையப்பகுதி மீள முடியாத பிழையில் நின்றுபோனதும், பலர் முதலில் செய்வது ஸ்கிரீன்ஷாட் எடுப்பது. பழைய டெக்ஸ்ட் திரையில் தெரிவது கடைசி 25 வரிகள்தான். நமக்கு வேண்டிய முதல் ஊப்ஸ் செய்தி (கர்னலின் பிழை அறிக்கை) அதற்குள் மேலே ஓடிப்போயிருக்கும். கேவிஎம் (லினக்ஸின் விஎம் வசதி) மேல் ஓடும் லினக்ஸ் கெஸ்ட், அதைத் தாங்கும் மெஷின் ஹோஸ்ட் என்று வைத்துக்கொண்டு, உருப்படியான வழிகளைப் பார்ப்போம்.

கர்னல் செய்திகளை எழுத்தாக வெளியே அனுப்பும் சீரியல் கன்சோலை எப்போதும் போட்டு வைத்துவிட வேண்டும் என்பேன். கர்னல் கமாண்ட் லைனில் சீரியல் போர்ட்டைக் கன்சோலாகச் சேர்த்து, ஹோஸ்ட்டில் அதை ஒரு ஃபைலுக்குத் திருப்பினால் முடிந்தது. டிஸ்க்கை விர்ட்டியோவுக்கு (விஎம்களுக்கான டிவைஸ் வகை) மாற்றிய பிறகு, அந்த டிரைவர் இனிட்ராம்எஃப்எஸ்ஸில் (பூட்டின் தொடக்கத்தில் பயன்படும் தற்காலிக ஃபைல் சிஸ்டம்) இல்லாமல் பூட்டிலேயே செத்துப்போகும் மெஷினுக்கு இதை மிஞ்ச எதுவும் கிடையாது. ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய முடியவில்லை என்ற அந்த ஒரே வரி போதும். ஆனால் கிடைப்பது எழுத்து மட்டுமே. மெமரிக்குள் என்ன இருந்தது என்று தெரியாது.

மெமரியின் நகலும் (டம்ப்) வேண்டுமென்றால் போட்டி இரண்டுக்குள்தான்.

ஒன்று கேடம்ப். 2005இல் 2.6.13 கர்னலோடு வந்தது. ஒதுக்கி வைத்த மெமரியில் இரண்டாவது கர்னல் ஒன்று காத்திருக்கும். பேனிக் ஆனதும் அது எழுந்து, பழைய மெமரியில் வேண்டியதை மட்டும் வடிகட்டி எழுதும். நிஜ ஹார்டுவேரில் இதுதான் ராஜா. விஎம்மில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 1 ஜிபி கெஸ்ட்டில் 256 எம்பியை ஒதுக்குவது கால்வாசியைத் தாரை வார்ப்பது. அந்தச் சர்வீஸ் தொடங்கும் முன்பே பேனிக் ஆனால் கையில் ஒன்றும் மிஞ்சாது. அடிபட்டு விழுந்தவனையே எழுப்பி வாக்குமூலம் எழுதச் சொல்கிற வேலை இது.

மற்றது ஹோஸ்ட்டிலிருந்தே டம்ப் எடுப்பது. விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் கட்டளைக் கருவி விர்ஷ். அதன் டம்ப் கட்டளையில் மெமரி மட்டும் என்று கேட்டால் போதும், கெஸ்ட்டின் ஒத்துழைப்பு தேவையில்லை. பிவிபேனிக் டிவைஸைச் சேர்த்துவிட்டால், பேனிக் ஆனதும் ஹோஸ்ட்டுக்குத் தகவல் போய், டம்ப் தானாகவே எடுக்கும்படி லிப்விர்ட்டில் அமைக்கலாம். கேடம்ப்பும் கூடவே இருந்தால் வழக்கமாக அது முந்திக்கொள்ளும், ஹோஸ்ட்டுக்குத் தகவல் போகாது. இது பலருக்கும் தெரியாத சிக்கல். கர்னல் முகவரிகள் ஒவ்வொரு பூட்டிலும் இடம் மாறுவதால், அந்த விவரத்தை ஹோஸ்ட்டுக்குத் தரும் விஎம்கோர்இன்ஃபோ டிவைஸும் இருந்தால், டம்ப்பை அலசும் கிராஷ் கருவிக்கு வேலை சுலபம். அப்புறம், 64 ஜிபி கெஸ்ட்டுக்குச் சுருக்காமல் எடுத்தால் ஃபைலும் அதே அளவுக்கு வரும். ஏஎம்டி எஸ்இவி போல மெமரியையே என்கிரிப்ட் செய்த கெஸ்ட் என்றால், ஹோஸ்ட்டுக்குக் கிடைப்பது குப்பைதான்.

எந்த டம்ப் ஆனாலும், அதே பில்டின் டீபக் சிம்பல்கள் (முகவரிகளைப் பெயர்களோடு இணைப்பவை) உள்ள விஎம்லினக்ஸ் என்ற கர்னல் ஃபைல் இல்லாமல் திறந்து பயனில்லை.

விஎம்மை இயக்கும் கியூஇமுவில் ஜிடிபி டீபக்கருக்கான இணைப்பும் உண்டு, வழக்கமாக 1234 போர்ட்டில். டிரைவர் எழுதுபவருக்கு வரம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் வேண்டாம்.

என் தேர்வு: ஹோஸ்ட் நம் கையில் இருந்தால் ஹோஸ்ட் டம்ப். வாடகைக்கு எடுத்த கிளவுட் மெஷின் என்றால் கேடம்ப்தான், வேறு வழியில்லை. பேனிக் ஆகாமல் கெஸ்ட் அப்படியே உறைந்துபோகும்போது வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஹோஸ்ட் டம்ப்பை அப்போதும் எடுக்கலாம். கேடம்ப்புக்கோ வெளியிலிருந்து என்எம்ஐ (தடுக்க முடியாத குறுக்கீடு) அனுப்பித் தட்டியெழுப்ப வேண்டும். அதற்கும் தெரியாத என்எம்ஐ வந்தால் பேனிக் ஆகு என்ற சிஸ்கண்ட்ரோல் (கர்னல் அமைப்புகளை மாற்றும் வசதி) அமைப்பை முன்பே 1 ஆக்கியிருக்க வேண்டும்.